இன்னும் என்ன வேண்டும்?

"இன்னும் என்ன வேண்டும்?" என்று அந்தக் கேள்வியைத் தமிழில் மொழிபெயர்த்தது நான்தான். ஏழு நாட்டு மக்களின் ஆசைகளை அளக்கும் ஆய்வு அது. ஆறு நாடுகளில் சமர்த்தாகப் பதில் எழுதிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள அடுக்குமாடியில் மட்டும் என் சட்டையைப் பிடிக்காததுதான் பாக்கி.

"ஏன் தம்பி, நான் உங்ககிட்ட வந்து எதையாவது கேட்டேனா? இன்னும் என்ன வேணுமாம்ல!" என்றார் மூன்றாம் மாடித் தையல்காரம்மா, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு.

மேலாளர் படிவத்தைப் பார்த்தார். "இது கேள்வியா, ஏச்சா? மாத்துங்க. சாயங்காலத்துக்குள்ள நாப்பது பதில் வந்தா உங்களுக்கு ஜன்னலோர மேஜை. வரலைன்னா வாசல்."

ஆறு வருடமாக என் மேஜை கழிவறைக் கதவுக்கு எதிரே இருக்கிறது. மாற்றினேன். படிவத்தில் அதுதான் கடைசிக் கேள்வி என்பதால், மரியாதையாக, "கடைசியாக, உங்கள் ஆசை என்ன?"

தையல்காரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசி ஆசையா? மறைக்காம சொல்லுங்க தம்பி. போன வாரம் ரத்தம் எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் உங்ககிட்டயா வந்திருக்கு?"

மறுபடி மாற்றினேன்: "உங்களுக்கு என்ன குறை?" இரண்டாம் மாடிக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒழுகும் குழாய்க்குக் கீழே நிறுத்தினார்.

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"ஐயா, நான் மொழிபெயர்ப்பாளர்."

"அப்ப குழாய்கிட்ட அது பாஷையிலயே சொல்லுங்க."

ஈரச் சட்டையோடு 'இன்னும் என்ன வேண்டும்?' என்ற பழைய கேள்விக்கே திரும்பினேன். ஆனால் யாரும் குறைகளை அடுக்கிவிடாதபடி, பதில் எழுதும் கட்டத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, நாலாவது தடவையாக மாடியேறினேன்.

நாற்பது படிவத்திலும் ஒரே பதில்: "போதும்."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "மத்த நாட்டுல எல்லாம் படகு, பங்களா, இன்னொரு பங்களான்னு எழுதியிருக்கான். நம்மாளுங்க மட்டும் போதும்கிறாங்க! ஞானிங்கய்யா!"

ஜன்னல் கிடைத்தது. மூன்றே நாளில், அங்கிருந்து பார்த்தால் தெரிகிற மேலாளரின் சுழல் நாற்காலி மேல் என் கண் விழுந்தது. நாற்பது பேருக்கு வாய்த்த நிறைவு எனக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை? வெட்கத்தை விட்டு மூன்றாம் மாடி ஏறினேன்.

"எதுவுமே வேண்டாம்னு எப்படிம்மா இருக்க முடியுது? எனக்கும் சொல்லிக்கொடுங்களேன்."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார்.

"யாரு வேண்டாம்னா? 'போதும், இனிமே இந்தப் பக்கம் வராதீங்க'ன்னுதான் எல்லாரும் எழுத வந்தோம். நீங்க விட்ட கட்டத்துல அவ்வளவுதான் தம்பி இடம் இருந்துச்சு."