நான் அழுதது அந்த ஆளுக்காக இல்லை

குரோருட்,
ஒஸ்லோ.

என் அன்புத் தம்பி அருட்செல்வத்துக்கு,

பேர்கன் மழைக்குள்ளும் நீயும் புளோறன்ஸும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு உன் அக்கா செல்வமலர் எழுதுவது. இங்கே என் முழங்காலையும் உன் அத்தானின் வாயையும் தவிர மற்றதெல்லாம் சுகம். நிற்க.

போன கிழமை நீ தொலைபேசி எடுத்து, "அக்கா, சிரியாவின் சர்வாதிகாரி ஓடினதுக்கு நீங்கள் ஒப்பாரி வைச்சனீங்களாமே" என்று கேட்டாய். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அரபுப் பெடியன் ஒரு வீடியோ காட்டினானாம், அதில் வெள்ளைச் சேலையோடு குழறுவது உன் அக்காவாம். தம்பி, அது நான்தான். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நீ சொல்லித்தான் தெரியும். ஆனால் நான் அழுதது அந்த ஆளுக்காக இல்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முழுக்க வாசி.

எங்கள் மேல்வீட்டில் ஹைதம் என்றொருவரும் மனைவி றீமாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கினம். சிரியாவில் இருந்து அகதியாய் வந்தவை. அவர் பஸ் ஓட்டுறார். றீமா அங்கை கோட்டிலை வாதாடின வழக்கறிஞர், இஞ்சை பாலர் பாடசாலையிலை பிள்ளையளுக்கு மூக்குத் துடைச்சு விடுறா. ஹைதத்தின்ரை தம்பியை அங்கத்தைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனது, பிறகு வருசக்கணக்கா ஒரு தகவலும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலைதான் இவ்வளவும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை மேல்வீட்டிலை ஒரே குழறல். நான் அத்தானிட்டை, "அந்தப் பெடியன்ரை செய்தி வந்திட்டுதப்பா, முடிஞ்சுது" எண்டு சொல்லிப்போட்டு, செத்தவீட்டுக்குப் போற மாதிரி வெள்ளைச் சேலையைச் சுத்திக்கொண்டு, ஒரு சுடுதண்ணிப் போத்திலிலை கோப்பியும் ஊத்திக்கொண்டு படியேறினன். கதவு திறந்து கிடக்குது. உள்ளுக்கு நிக்க இடமில்லாத சனம், எல்லாரும் அழுகினம். நான் வேறை ஒண்டையும் பாக்கேல்லை. நேரை போய் றீமாவைக் கட்டிப்பிடிச்சு, "போயிட்டானே, எங்களை விட்டுப் போயிட்டானே" எண்டு எனக்குத் தெரிஞ்ச நோர்வேஜிய மொழியிலை குழறினன். கொஞ்ச நேரத்தாலைதான் விளங்கிச்சுது, அழுகிற சனம் ஆடவும் செய்யுது. ரீவியிலை ஒரு சிலையைக் கயிறு கட்டி இழுத்து விழுத்தினம். ஆட்சி கவிண்டிட்டுது, ஆண்ட ஆள் பிளேனேறி ஓடிட்டார். நடுவீட்டிலை நிண்டு போயிட்டானே எண்டு அழுதது நான் ஒருத்திதான். ஒராள் போனிலை படம் எடுத்துக்கொண்டு நிண்டவர். சோபாவிலை இருந்த கிழவர், "இவ அவன்ரை கட்சியோ?" எண்டு கேட்டாராம். அந்தக் கோப்பியை ஒருத்தரும் தொடேல்லை.

றீமாதான் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினவ. விளங்கினதும் சிரிச்சினம், பிறகு என்னையும் பக்கத்திலை இருத்திக்கொண்டு போனைப் பாத்தினம். சிறைக் கதவுகளை உடைச்சுச் சனம் வெளியிலை வருகுது. ஹைதம் ஒவ்வொரு முகமா நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தார். பிறகு போனை என்னட்டைத் தந்திட்டார். நான் அந்தப் பெடியன்ரை படத்தை ஒரு கையிலையும் போனை மற்றக் கையிலையும் வைச்சுக்கொண்டு தேடினன். எங்கடை ஊரிலையும் தாய்மார் இப்பிடிப் படத்தோடை நிக்கிறவைதானே, எனக்கு அது புதுசில்லை. அவன் வரேல்லை தம்பி. இண்டைவரைக்கும் வரேல்லை. நான் அழுதது கொஞ்சம் முந்தி அழுதது, அவ்வளவுதான்.

இந்த மானக்கேட்டைச் சரிக்கட்டவெண்டு அவையளை ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டன். உன்ரை அத்தானைத் தெரியும்தானே. பென்சன் எடுத்த நாள் தொட்டு யூரியூப்பிலை உலக அரசியல் படிக்கிறார். புட்டிலை கை வைக்கமுதலே தொடங்கிட்டார். "ஹைதம், அரபு நாடுகளுக்குச் சனநாயகம் சரிவராது. எகிப்தைப் பார், லிபியாவைப் பார். உங்களுக்கு இறுக்கமான கை ஒண்டு வேணும்." நான் மேசைக்குக் கீழாலை உதைச்சன். உதை ஹைதத்துக்கு விழுந்திட்டுது. பாவம், எதுக்குக் கோபிக்கிறது எண்டு தெரியாமல் கொஞ்சநேரம் என்னைப் பாத்தார், பிறகு அத்தானைப் பாத்தார்.

"இரவீந்திரன், அந்தக் கைதான் என்ரை தம்பியைக் கொண்டுபோனது" எண்டார். பிறகு மெல்லமாக் கேட்டார். "உங்கடை நாட்டிலை தேர்தல் நடந்ததோ?"

"ஓம், ஒழுங்கா நடந்தது" எண்டு அத்தான் நெஞ்சை நிமித்தினார்.

"அப்ப நீங்கள் ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

அத்தான் குனிஞ்சு புட்டைப் பிசைஞ்சார். கடைசியா, "அங்கை மற்றச் சனம் கூடப்பேர், தமிழர் நாங்கள் கொஞ்சப்பேர். வோட்டுப் போட்டுப் போட்டே எங்களைக் கலைச்சவை" எண்டார். அப்பதான் றீமா வாயைத் திறந்தா. "சமயத்தாலை நாங்களும் அங்கை கொஞ்சப்பேர்தான். ஓடின ஆளை நினைச்சு எனக்கினிப் பயமில்லை. இனி வோட்டெண்டு எண்ணப்போற தலையளை நினைச்சுத்தான் பயம்" எண்டா. அவ சொன்ன மாதிரித்தான் தம்பி, இந்தக் கோடைக்கு அவையின்ரை ஆக்கள் இருக்கிற பக்கம் வெட்டுக்கொத்து நடந்து, றீமாவின்ரை மாமன் வீடும் எரிஞ்சு போச்சுது.

இப்ப அங்கை தேர்தலாம். அதுவும் எல்லாருக்கும் வோட்டில்லையாம். குழுவொண்டு பொறுக்கி எடுக்கிற கொஞ்சப்பேர்தான் போடுறதாம், அவைக்குள்ளைதான் ஆக்கள் போட்டிக்கு நிக்கிறதாம். "உது என்ன தேர்தல்" எண்டு அத்தான். அப்பதான் பக்கத்து வீட்டுக் கரோலினா சலவை அறையிலை வைச்சு, "மேல்வீட்டிலை இருந்து ஒராள் தேர்தலிலை நிக்கப் போகுதாம்" எண்டு என்ரை தலையிலை கல்லைப் போட்டாள். உடுப்பை மெசினுக்குள்ளையே விட்டிட்டன். ஒருத்தனைக் குடுத்த வீடு, இன்னொருத்தனையும் குடுக்கப் போகுதோ எண்டு நேரை படியேறினன். றீமா வேலைக்குப் போயிட்டா. ஹைதத்தை இருத்திவைச்சு, இந்தப் பிள்ளையளை யோசி, வீடு எரிச்சவங்கள் இன்னும் அங்கைதான் நிக்கிறாங்கள், இஞ்சை பஸ்ஸோட்டிக்கொண்டு நிம்மதியா இருக்கிறதுக்கு என்ன குறை எண்டு மூச்சுவிடாமல் சொன்னன். அந்த மனுசன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "நீ சொல்லுறது முழுக்கச் சரி, செல்வா. இதை றீமாவுக்கும் சொல்லு" எண்டார். மனிசிதான் பிடிச்சுத் தள்ளுறாளாக்கும் எண்டு எனக்கு அவளிலை கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் அலுவல் முடிஞ்சுது. அவர் போகார். நான் மறிச்சுப்போட்டன்.

ஆகவே தம்பி, உன் அக்கா எந்தச் சர்வாதிகாரிக்காகவும் அழவில்லை, எந்தத் தேர்தலிலும் தலையிடவில்லை, இனிமேல் தலையிடப் போவதுமில்லை என்று அந்த அரபுப் பெடியனுக்கு எடுத்துச் சொல். பிள்ளைகள் நல்லாய்ப் படித்து நோய்நொடியில்லாமல் வளர என் ஆசீர்வாதம். புளோறன்ஸுக்கு என் அன்பு. அத்தானும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா,
செல்வமலர்

பிற்குறிப்பு: கடிதத்தை மூடி வைச்சிட்டுத் திரும்பவும் திறந்து எழுதுறன். போறது ஹைதமில்லை. றீமா. அந்தக் குழு எடுத்தது வழக்கறிஞரைத்தானாம், அந்த மனுசன் அழுதது அவள் போறாளெண்டு. நான் போய், "போகாதை பிள்ளை" எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் அங்கை இல்லாட்டியும் அவை எங்களைப் பற்றி முடிவெடுப்பினம், செல்வா. தோத்தா கெதியாத் திரும்பி வந்திடுவன். வெண்டா எப்ப வருவனெண்டு தெரியாது." நான் மறிக்காமல் அவளின்ரை உடுப்புகளை மடிச்சுக் குடுத்தன். பிள்ளையளுக்குப் பின்னேரச் சாப்பாடு இனி எங்கடை வீட்டிலைதான். அத்தான் மேல்வீட்டுக் கதிரையிலை இருந்துகொண்டு அவளுக்கு எப்பிடி மேடையிலை கதைக்கிறதெண்டு பழக்குறார், சனநாயகம் சரிவராதெண்ட அதே மனுசன். நேற்றுக் கோயிலுக்குப் போனன். வெல்லவேணுமெண்டு கும்பிடுறதோ, தோக்கவேணுமெண்டு கும்பிடுறதோ எண்டு தெரியாமல் நிண்டன். ஐயர் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார். "றீமா. நட்சத்திரம் தெரியாது" எண்டன். "ஆரம்மா அது?" எண்டார்.

எங்கடை பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன்.