மூலை அலமாரிக் கதவு

முத்திரை தன் வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மூணாவது பலகைங்க," என்று கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

தட்டினார். குப்பைத்தொட்டி வெளியே வந்து நின்றது.

"அது நாலாவது!"

முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர் என்பதால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. மகள் திட்டம் போட்டு, சமையலறையைப் புதுப்பித்து மூன்று வாரம் ஆகிறது. "இப்பல்லாம் கைப்பிடியே வைக்கறதில்லப்பா. விரலால தொட்டா திறக்கும். ஃப்ரிட்ஜ்கூட கண்ணுல படக்கூடாது, அதான் ஃபேஷன்," என்று சொல்லிவிட்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள். சாம்பல் நிறப் பலகைகள் வரிசையாக நிற்க, இங்கே ஒருத்தி சமைக்கிறாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பார்க்க அழகுதான். அவருக்குத்தான் அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

முன்பு மூலையில் ஒரு பச்சை அலமாரி இருந்தது. பொல்லாத கதவு. கீழே முழங்காலால் ஓர் அழுத்து, மேல் மூலையில் முஷ்டியால் ஒரு குத்து. அப்போதுதான் மனம் இரங்கித் திறக்கும். அந்தக் குத்து வீட்டில் அவர் ஒருவருக்கே கைவந்திருந்தது. காலையும் மாலையும், "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்," என்று குரல் வரும். போவார், குத்துவார், காப்பித்தூள் டப்பா வெளியே வரும். வந்தது வந்தோம் என்று மேடையில் சாய்ந்துகொண்டு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். ஆபீஸ் வம்பெல்லாம் அங்கேதான் அரங்கேறும். ஒருமுறை சண்டை போட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தபோதும், அவள் அந்தக் கதவருகே நின்று தொண்டையைச் செருமினாள். அவர் போய்க் குத்தினார். சண்டை முடிந்தது.

தச்சர் வருடா வருடம் வந்து பார்த்தும் அந்தக் கதவு திருந்தவில்லை. "மரத்தோட குணம் சார்," என்று கையை விரித்துவிடுவார். தொழில்காரனே தோற்ற கதவைத் தான் ஒரே குத்தில் திறக்கிறோம் என்பதில் முத்திரைக்கு உள்ளூரக் கர்வம்.

மூன்று வாரமாக அந்தக் குரல் வரவில்லை. காப்பி கூடத்துக்கே வந்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டு ஒரு நொடி நிற்பாள், பிறகு போய்விடுவாள். காப்பியில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் இறங்கவில்லை.

அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே நுழைந்தார். காப்பித்தூள் இருக்கும் கதவின் கீலில் ஒரு ஸ்க்ரூவை நான்கு சுற்று திருப்பினார். லேசாக மக்கர் செய்தால் போதும் என்பது கணக்கு. திருப்பியதோ தப்பான பக்கம்.

மறுநாள் காலை மனைவி பூரித்துப்போனாள். "இங்க பாருங்க, தொடக்கூட வேண்டாம்! கிட்ட போனாலே தானா திறக்குது!"

முத்திரைக்கு வயிறு எரிந்தது. அன்று அவள் குளிக்கப் போனதும் அதே ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் பன்னிரண்டு சுற்று திருப்பினார். கதவு பக்கத்துக் கதவோடு ஒட்டி, அசையாமல் நின்றது.

மாலையில் கேட்டது.

"ஏங்க!"

செருப்பைத் தேடாமலே ஓடினார். "வந்துட்டேன், வந்துட்டேன்!"

"தச்சர் நம்பர் உங்க போன்ல இருக்கா?"

"தச்சர் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இது பழைய கதவு மாதிரி இல்லைங்க..."

"கதவுன்னா கதவுதான். நீ தள்ளு."

முழங்காலால் ஓர் அழுத்து. முஷ்டியால் ஒரு குத்து.

தொட்டால் திறக்கும் சமையலறை அந்தக் குத்தைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டது. கரண்டி டிராயர் பாய்ந்து வந்து முழங்காலில் இடித்தது. அதற்குக் கீழே இருந்தது கணுக்காலைப் பதம் பார்த்தது. குப்பைத்தொட்டி வந்தது. அவர் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஃப்ரிட்ஜ் தானாகத் திறந்து வெளிச்சம் காட்டியது. காப்பித்தூள் கதவு மட்டும் திறக்கவில்லை. கீலோடு பெயர்ந்து அவர் கைக்கே வந்துவிட்டது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அதிர்ச்சியா என்று தெரியவில்லை. "அடி பட்டுதா?" என்றாள்.

"இல்ல," என்றார், நொண்டிக்கொண்டே.

மறுநாள் பழைய தச்சரே வந்தார். மனைவி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். தச்சர் கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது தானா பெயரல. யாரோ கை வச்சிருக்காங்க."

முத்திரை மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு எதையும் மறைக்கவில்லை.

"நான்தான்யா. அவ என்னைக் கூப்பிட்டு மூணு வாரம் ஆகுது. எல்லாம் விரல் பட்டா திறக்குது, நான் எதுக்கு? தினமும் ரெண்டு தடவை அந்த அடுப்பு பக்கத்துல நின்னுட்டு இருந்தேன், இப்ப கூடத்துல விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கேன்." கழன்ற கதவை அவர் பக்கம் நகர்த்தினார். "நீ முழுசா சரி பண்ணிடாத. கொஞ்சம் இறுக்கமாவே இருக்கட்டும். அவகிட்ட மரத்தோட குணம்னு சொல்லிடு."

தச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"நல்லா இருக்கு சார் உங்க குடும்பம்! 'சரி பண்ணிட்டா இவர் அடுப்படிப் பக்கமே வரமாட்டார்'னு அக்கா சொல்லித்தான, அந்தப் பச்சைக் கதவை வருஷா வருஷம் நான் வந்து இறுக்கிட்டுப் போனேன்!"