பனி அகற்றும் சான்றிதழ்

நாட்டின் நிதித்துறை உலகத் தரத்துக்கு உயர்த்தப்பட்ட அதே வாரத்தில் ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பு விரிசல் விட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் அப்பாவியாக நம்பினார்.

அவர் பத்து வருடமாகக் கணக்கு வைத்திருந்த வங்கியைக் கடல் கடந்த பெரிய வங்கி ஒன்று வாங்கியிருந்தது. மேலாளர் பழையவர்தான், கழுத்தில் டை மட்டும் புதிது. முன்பெல்லாம் கடன் கேட்டால் மனிதர் கடைக்கே வந்துவிடுவார். ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நோட்டம் விடுவார். "சரி, நாளைக்கு வாங்க" என்பார். இப்போது பன் சாப்பிடுவது இடர் மேலாண்மைக் கொள்கைக்கு விரோதமாம்.

"அடுப்பு இன்னும் ஒரு மாசம் தாங்காது சார். அது போச்சுன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்ளிகேஷன் பிரமாதமா இருக்கு. நாற்பத்திரண்டாம் கேள்வியை மட்டும் காலியா விட்டுட்டீங்க. கடை வாசல்ல விழுற பனியை அள்ளிப் போட என்ன ஏற்பாடு?"

ரொட்டிக்கடைக்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே வெயிலில் தார் இளகி, ஒருவர் தன் செருப்பை ரோட்டிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்ல எங்க சார் பனி கொட்டுது?"

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். தலைமையகத்துக்குத் தெரியாதே! அங்க ஆறு மாசம் முழங்கால் அளவுக்குக் கொட்டுது. பனியை அள்ளாத கடைக்காரன் பொறுப்பில்லாதவன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும். பேசாம நகராட்சியில ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

நகராட்சி அலுவலர் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. சிரிப்பு அவருடைய பிரிவில் வராது.

"பனி பெய்யாதுன்னு நான் எப்படிங்க எழுதித் தர முடியும்? நாளைக்கே பெஞ்சா என் பென்ஷன் போயிடும். அள்ள ஏற்பாடு இருக்குன்னு வேணும்னா தர்றேன். மண்வெட்டி இருக்கா?"

மண்வெட்டி நேரில் பார்வையிடப்பட்டது, அளக்கப்பட்டது, முத்திரையிடப்பட்டது. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கடன் என்று தெரிந்ததும் தெருவே திரண்டது. தையல்காரர், சைக்கிள் கடைக்காரர், முடிதிருத்துபவர் என்று நாற்பது பேரும் மண்வெட்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். வாசலில் மண்வெட்டி தொங்காத கடையை ஏற இறங்கப் பார்ப்பது நாகரிகமாயிற்று. முடிதிருத்துபவர் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தார்.

மூன்று வாரத்தில் தலைமையகத்தின் முடிவு வந்தது. மேலாளர் எழுந்து நின்று படித்தார்.

"ஒரே தெருவில் நாற்பது சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதால், மேற்படி தெரு கடும் பனியால் பாதிக்கப்பட்ட பகுதி எனத் தீர்மானிக்கப்படுகிறது. இத்தகைய பகுதியில் அடுப்புக்குக் கடன் தருவது ஆபத்து. பனி தள்ளும் வண்டிக்குக் கடன் உடனே தரலாம்."

ரொட்டிக்கடைக்காரருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எனக்கு வண்டி எதுக்கு சார்? அடுப்பு வேணும்!"

"நீங்க அடுப்புக்குக் கேட்டதைப் போல நாலு மடங்கு தொகை தர்றாங்க. ஒழுங்கா அஞ்சு வருஷம் கட்டுங்க, அடுப்புக்கு உங்களுக்குத்தான் முன்னுரிமை. பக்கத்துக் கடைக்காரர் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டார்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. ரொட்டிக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வண்டி வந்து இறங்கிய அதிர்ச்சியில் அடுப்பு இடிந்து விழுந்தது.

சிறுதொழில் கடன் ஒரே ஆண்டில் பத்து மடங்கு உயர்ந்ததைப் பாராட்ட அமைச்சரே நேரில் வந்தார். நாற்பது வண்டிகளும் பளபளவென்று வரிசையில் நின்றன. அந்நிய வங்கிகள் இல்லையென்றால் இந்த வளர்ச்சி ஏது என்று அமைச்சர் தழுதழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று தெருவில் ஒரு துண்டு ரொட்டி கிடைக்கவில்லை.

"இத்தனை பேர்ல ஒருத்தராவது பனி எங்கேன்னு கேக்கக் கூடாதா? வாங்க, நாமளாவது போய்க் கேப்போம்" என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி.

அவர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருடி, யார் காதுலயாவது விழப்போகுது. தெருவுலயே நம்ம வண்டிதான் பெருசு."