எல்லப்பனுக்கு ஓ பாசிட்டிவ்

நாராயணப்பன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேஜை மேல் போன் அலறிக்கொண்டிருந்தது.

"சூளகிரியிலிருந்து பேசறனுங்க. எனக்கு ஏ குரூப். ஆகுமுங்களா?"

"ஆகாதுங்க."

"பரவால்லீங்க, சும்மாவாச்சும் வந்து நிக்கிறேன்."

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கிளார்க் நாராயணப்பன். கம்பெனிக்கு இன்டர்நெட் வந்ததே போன மாதம்தான். காலையில் யாரோ அனுப்பிய மெயிலில், 'லாரி மோதிய எல்லப்பனுக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம் அவசரம், எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று ஆஸ்பத்திரி முகவரியோடு இருந்தது. நாற்காலியை விட்டு எழாமலே ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்பதில் நாராயணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த கம்பெனிகள் அத்தனைக்கும் தட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று தன் போன் நம்பரையும் சேர்த்திருந்தார்.

"யோவ், பெங்களூர் பார்ட்டிக்கு லைனே கிடைக்கலையாம்!" என்று மேனேஜர் கோவிந்தன் கத்தினார்.

உடனே அடுத்த மெயில் போயிற்று: 'போன் செய்யாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.'

போனார்கள். ஷிப்ட் பஸ்ஸோடு போனார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. "கேட்டை அடைச்சிக்கிட்டு பஸ்ஸா நிக்குதுங்க. பிரசவத்துக்கு வந்த பொண்ணு உள்ள வர முடியல. எதாச்சும் பண்ணுங்க!"

நாராயணப்பன் வியர்க்க வியர்க்க மூன்றாவது மெயிலை அடித்தார்: 'எல்லப்பனுக்கு இனி ரத்தம் தேவையில்லை. நன்றி.'

கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பெனி மலர்வளையத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. இன்னொன்றில் மெஷின்களை நிறுத்தி மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

செய்தி கேட்டு நாராயணப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒருவேளை நிஜமாகவே போய்விட்டானோ? மொபெட்டை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராந்தா முழுக்க க்யூ. சுவரோரம் மலர்வளையம்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா கெம்பம்மாவைப் பிடித்தார். "எல்லப்பன் எந்த வார்டும்மா? உசுரோட இருக்காரா?"

"லாரி அடிச்ச எல்லப்பனா? அவரு போன வருசமே நல்லாயி ஊட்டுக்குப் போயிட்டாரு சாமி. அதோ, மாலைக்குப் பக்கத்துல சட்டைக் கைய மடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். தன் பேருள்ள ஆளு சாகக் கிடக்கறானாமேன்னு ரத்தம் குடுக்க மொத பஸ்லயே வந்துட்டாரு!"