பாதி நோயாளி

ரிட்டன் மாமாவைப் போலப் பயந்த மனிதர் உலகத்தில் இன்னொருவர் பிறந்ததில்லை. அவரைப் போல மற்றவர்களைப் பயமுறுத்தியவரும் இல்லை. நான் மிகைப்படுத்திப் பேசுகிறவன் அல்ல. திருவனந்தபுரத்துக் கரமனையில் அந்தக் காலத்தில் குடியிருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமா வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் தெருக்களில் ஆள் திரட்டி, காசிக்கும் கயைக்கும் ரயிலில் அழைத்துப் போவார். அழைத்துப் போகிறவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

ரயில் கவிழ்ந்தால் பணம் கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருந்தன. நீங்கள் ரயிலில் இருக்கும்போது வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால்? அதற்கு ரிட்டன் மாமா இருந்தார். கோஷ்டியில் சேருகிற ஒவ்வொருவரும் ஒரு பொதுப்பையில் கொஞ்சம் போட வேண்டும். நெருங்கிய உறவினர் யாருக்காவது உடம்பு மோசம் என்று தந்தி வந்தால், அந்தப் பையிலிருந்து டிக்கெட் வாங்கி உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார். இப்படி ஒரு ஏற்பாட்டை எதற்காகத் தொடங்கினீர்கள் என்று கேட்டால், “வேற என்ன? பேடிதான்” என்பார். மலையாளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பேடி என்றால் பயம்.

பையைக் காப்பாற்ற வேண்டுமே! ஆகையால், நீங்கள் பெயர் கொடுத்த மறுநாள் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் விட்டுவிட்டுப் போகப்போகிற உறவினர்களைப் பரிசோதிப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். கண்ணிமையை விலக்கிப் பார்ப்பார். வயதானவர்களைக் கரமனை ஆற்றுப் படித்துறைக்கு அழைத்துப் போய் இறங்கி ஏறச் சொல்லி, மூச்சு வாங்குகிறதா என்று மேல்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

“எனக்கு ஒண்ணும் இல்லை ஓய்” என்று ஒரு ரிடயர்ட் ஓவர்சியர் சொன்னார்.

“ஒண்ணும் இல்லேன்னு சொல்றவாளைக் கண்டாத்தான் எனக்குப் பேடி” என்றார் மாமா.

சமையலறைப் பக்கம் மூக்கை உயர்த்துவார். கஷாய வாசனை வந்தால் அந்த வீட்டுக்கு இந்த வருஷம் காசி இல்லை. அதனால் அவர் வருகிற நாளில் தெருவே காப்பிக்கொட்டை வறுக்கும். அந்தப் புகையில் மாமாவே இருமுவார். வீட்டுக்காரர்கள் இருமலை அடக்கிக் கண் பிதுங்கி நிற்பார்கள்.

அவர் கணிப்பு ஒன்றுகூடப் பலித்ததில்லை என்பதையும் எழுத வேண்டும். அந்த ஓவர்சியரின் மூக்கு நுனியைப் பார்த்துவிட்டு மாமா பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். ஓவர்சியர் அன்றே படுத்துக்கொண்டு, மகள்களைக் கூப்பிட்டு மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மறுவருஷம் ஒவ்வொரு மகள் வீடாக நடந்துபோய் அவற்றைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே வருஷம், “எருமைத் தோள்! நூறு வயசு கியாரண்டி” என்று மாமா தட்டிக்கொடுத்த வாலிபனுக்கு, ரயில் மதராஸ் போய்ச் சேருவதற்குள் மஞ்சள் காமாலை.

புறப்படும் நாளில் தம்பானூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இன்னொரு சடங்கு நடக்கும். சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்லிவைப்பதுபோல, மாமா விதிகளைச் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். “அப்பா, அம்மா, பிள்ளை, பொண்ணு, அண்ணா, தம்பி, அக்கா, தங்கை, இவா எட்டுப் பேரும் நெருங்கின உறவு. அத்தான், மச்சினன், சித்தப்பா கிடையாது. யாத்திரை வந்தவாளுக்கே உடம்புக்கு வந்தா, பைக்காசிலே மாமா கூடவே கொண்டுவந்து ஆத்துலே ஒப்படைப்பார்.” கார்டு பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் முடிப்பதற்காகக் காத்திருப்பார்.

நான் சேர்ந்த வருஷம், என் அப்பாவுக்குக் கயையில் சிராத்தம் செய்ய வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். மனைவி தங்கத்துக்குக் கைக்குழந்தை. அக்காளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருப்பதென்றும், நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதென்றும் முடிவாயிற்று. மாமா பரிசோதனைக்கு வந்தார். குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். தங்கம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்நியப் பெண்களை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு, “குழந்தை பாஸ்” என்று சொல்லிப் போய்விட்டார்.

பிரயாணத்தில் அவரைப் பார்க்க வேண்டும். கரி விழும் என்று ஜன்னலோரம் உட்கார மாட்டார். பெட்டி விழும் என்று பலகைக்குக் கீழே உட்கார மாட்டார். ரயில் நகர்ந்துவிடும் என்று எந்த ஸ்டேஷனிலும் இறங்க மாட்டார். கங்கையில் குளிக்கும்போது இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைச் சீதை மாமியிடம் கொடுத்துவிடுவார். சீதை மாமி எல்லா வருஷமும் வருகிற தனிக்கட்டை, யாருக்கும் பயப்படாதவள். “இன்னும் ரெண்டு முங்கு முங்கும் ஓய்! பாவமெல்லாம் கழுத்துக்கு மேலேயே நிக்கறது” என்று கரையிலிருந்து கயிற்றை ஆட்டுவாள்.

கயைக் காரியம் முடிந்து காசிக்குத் திரும்பியிருந்தோம். ஒரு பிற்பகல், சத்திரத்து முற்றத்தில் மாமா என்னிடம் வந்தார். கையில் ஒரு தந்தி. தேளை வாலைப் பிடித்துத் தூக்கிவருவதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

“அம்பி, உக்காரு.”

“உக்காந்துண்டுதானே இருக்கேன் மாமா?”

“அப்போ சாஞ்சுக்கோ.”

தங்கத்துக்கு டைபாயிடு. நிலைமை மோசம். உடனே புறப்படவும். அக்காள் வீட்டுக்காரர் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில், உயிர் போய்விட்டிருந்தால்கூட ‘மோசம்’ என்றுதான் தந்தி கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியும். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். உதடு அசைந்தது. கடைசி விரல் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பிறகு அவருக்கு வியர்த்துவிட்டது.

“அம்பி, பொண்டாட்டி இல்லையேடா.”

“என்ன மாமா சொல்றேள்?” என்றேன்.

“விதியிலே இல்லை. எட்டுப் பேர்லே அவ வரலை.”

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்களவர்களில் காசிக்குப் போகிறவன் மனைவியோடுதான் போவான். அவள் இல்லாமல் சங்கல்பம் செய்துகொள்வது அபூர்வம். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வருகிற ஒருவன் இருப்பான் என்று மாமாவுக்குத் தோன்றியதே இல்லை. பிளாட்பாரத்தில் திருப்பிச் சொன்ன எங்களுக்கும் தோன்றவில்லை.

“விதி கிடக்கட்டும், பையைத் திறங்கோ” என்று யாரோ சொன்னார்கள்.

“அது என் பையில்லை, உங்க எல்லாரோட பை” என்றார் மாமா, அழுகிற குரலில். “இன்னிக்கு இவனுக்கு வளைச்சா, நாளைக்கு உம்ம மச்சினன் ஜுரத்துக்கும் வளைக்கச் சொல்வேள். அப்பறம் நிஜமா வேணுங்கறவாளுக்கு அதிலே என்ன இருக்கும்?”

எங்கள் கைப்பணத்தையும் திருட்டுக்குப் பயந்து அவரிடமே ஒப்படைத்திருந்தோம். அதுவும் சத்திரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கரைந்துவிட்டிருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். “இங்கே பாருங்கோ. ஆம்படையாளை உறவுன்னு யாரு சொன்னா? உறவு வேறே, அவ வேறே. அவ இவனோட பாதி உடம்பில்லையோ? அந்தப் பாதிக்கு ஜுரம்னா யாருக்கு ஜுரம்?”

மாமா யோசித்தார். “இவனுக்கு” என்றார். உடனே அவர் முகம் வெளுத்தது. “ஐயோ! யாத்திரை வந்தவாளுக்கே உடம்புக்கு வந்தா... நான்னா கூடப் போகணும்!”

“ஆமா, போகணும்” என்றாள் சீதை மாமி. “நம்ம கோஷ்டியை நான் பாத்துக்கறேன். உம்மையே கயித்துலே கட்டி மேய்ச்சவளுக்கு இது பெரிசா?”

அன்று சாயங்காலமே புறப்பட்டோம். அம்மா வரவில்லை. “நீ போடா. நான் அவளுக்கும் சேத்து முங்கறேன்” என்றாள்.

விதி என்றால் மாமாவுக்கு விதிதான். நான் நோயாளி என்று முடிவாகிவிட்ட பிறகு என்னை நோயாளியாகவே கொண்டுவந்தார். கழுத்தில் மஃப்ளர் சுற்றினார். நோய் ஒட்டாமலிருக்க மடியில் கற்பூரம் முடிந்தார். முழுப் பெஞ்சில் படுக்க வைத்தார். உட்கார வந்த ஒரு வடநாட்டுக்காரரிடம், “ஆதா பீமார் ஹை” என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். பாதி நோயாளி. எந்தப் பாதி என்று தேடுவதுபோல வந்தவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இடம் விட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரங்களின் சத்தத்தில் அந்தத் தந்தியே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் எங்கள் வீட்டு வாசலில் கோலம் இல்லாமல் இருப்பது தெரிந்தது. திறந்தால் மாமா என் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஸ்டேஷனில் இறங்கவே இறங்காத மனிதர், பெரிய ஸ்டேஷன்களில் எல்லாம் சொம்போடு இறங்கி ஓடினார். வண்டி ஊதும்போது, வேஷ்டி பாதி அவிழ, பால் பாதி சிந்த, “நிறுத்து! பேஷன்ட் உள்ளே!” என்று கத்திக்கொண்டு வந்து தொற்றுவார். ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அவரை அந்த நிலையில் பார்த்த எவரும் என்னை நோயாளி என்று நம்பியிருக்க முடியாது.

“எனக்கு வேண்டாம் மாமா. பால் உள்ளே இறங்கலை” என்றேன்.

“நீ குடிக்கலேன்னா அவளுக்கு எப்படிடா தெம்பு வரும்?”

அந்தத் தர்க்கத்தில் பெரிய ஓட்டை இருந்தது. ஆனாலும் குடித்தேன். சொட்டு விடாமல் குடித்தேன். மதராஸில் வண்டி மாறியும் குடித்தேன். செங்கோட்டைக்கு அப்பால் மலைக்குகைக்குள் ரயில் நுழைந்து ஒரேயடியாக இருட்டியபோது மாமா என் மணிக்கட்டை இறுகப் பற்றினார். நடுங்கியது யார் கை என்று சொல்லத் தெரியவில்லை.

தம்பானூரில் இறங்கி ஜட்கா வைத்துக்கொண்டோம். எங்கள் தெருமுனை வந்ததும், “நிறுத்தப்பா” என்றேன். வண்டி நின்றது. என்னால் இறங்க முடியவில்லை. அங்கிருந்து வாசல் தெரியும். நான் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்தா சாமி, இறங்குந்நில்லே?” என்றான் வண்டிக்காரன்.

“பேஷன்ட் இறங்கப்படாது” என்றார் மாமா. “நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

ஜுரம் கண்ட வீடு இருக்கிற தெருப்பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர் அவர். கற்பூரம் முழுவதும் என் மடியில் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. வெறுங்கையோடு நடந்தார். இரண்டு வீட்டுக்கு ஒரு தடவை நின்றார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

வரவில்லை. குதிரை காலை மாற்றி நின்றது. யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. அது எதற்கான தண்ணீரோ என்று காதைப் பொத்திக்கொண்டேன். நான் இதுவரை செய்யாத வேண்டுதல்களையெல்லாம் செய்தேன்.

மாமா வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டிக்கு அருகில் வந்து, என் கழுத்து மஃப்ளரைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“உனக்கு ஜுரம் விட்டுடுத்துடா அம்பி. கஞ்சி கேட்டிருக்கா. இறங்கு.”

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பாதித் தெரு ஓடிய பிறகுதான், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று திரும்பி ஓடிவந்தேன். ஜட்காவுக்குள் நான் இருந்த இடத்தில் மாமா நீட்டிப் படுத்திருந்தார். மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

வண்டிக்காரன் கடிவாளத்தை எடுத்தான். நான் அவன் பக்கமாகப் போய், “மெல்லப் போ, கேட்டியா?” என்றேன். “உள்ளே நோயாளி இருக்கார்.”