இடிமகளின் இடுப்பளவு

“இடுப்பளவு தப்பா எழுதியிருக்கீங்க,” என்றார் தையல்காரம்மா. “இது கழுத்தோட அளவு.”

ஓவியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். “கழுத்து அதுக்கு மேல தனியா இருக்கு பாருங்க. இது இடுப்புதான்.”

தையல்காரம்மா அளவு நாடாவை அந்த அளவுக்கு வளைத்து, தன் முழங்கைக்கு மேல் சுற்றிப் பார்த்தார். எட்டவில்லை.

“இந்தப் பொண்ணு சாப்பிட்டா சாப்பாடு எந்த வழியா இறங்கும்?”

“சாப்பிடற மாதிரி நான் வரைஞ்சதில்லை,” என்றார் ஓவியர். உண்மையும் அதுதான்.

அந்தப் பொண்ணின் பெயர் இடிமகள். மாதம் ஒருமுறை வரும் சித்திரக்கதை இதழ் ஒன்றின் நாயகி. வானத்திலிருந்து இடியைப் பிடித்து இறக்கி, அயோக்கியர்கள் தலையில் போடுவதுதான் அவள் தொழில். சனிக்கிழமை வாசகர் விழா. அதில் இடிமகள் மேடையில் உயிரோடு தோன்றுவாள், அட்டைப்படத்தில் எப்படியோ அப்படியே, அணுவும் பிசகாமல் என்று இதழின் முதலாளி விளம்பரம் செய்துவிட்டார். உடையைத் தைத்து வாங்கும் வேலை ஓவியர் தலையில் விடிந்தது. “வரைஞ்சவனுக்குத்தானேய்யா தெரியும்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வரைந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. வம்பே அங்குதான் ஆரம்பம்.

ஓவியர் ஒரு நாளும் ஆளை நிறுத்திவைத்து வரைந்தவர் இல்லை. போன மாத அட்டையை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை மேல் வைப்பார், அதன் மேல் புதுத் தாளை வைப்பார், கோட்டின் மேல் கோடு போட்டு நகல் எடுப்பார். புதுமைக்கு என்ன செய்வது? ஒவ்வொரு மாதமும் இடுப்பில் மயிரிழை அளவு குறைப்பார். அப்படி மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக் குறைத்து, வருஷக் கணக்கில் அது எங்கே வந்து நிற்கிறது என்று அவர் நாடா வைத்துப் பார்த்ததில்லை.

இது போதாதென்று முதலாளியின் சட்டம் ஒன்று வேறு இருந்தது. அட்டையில் இடிமகளின் முன்பக்கமும் தெரிய வேண்டும், பின்பக்கமும் தெரிய வேண்டும். “வாசகன் ரெண்டுக்கும் சேர்த்துத்தானேய்யா காசு குடுக்கறான்.” ஆகவே பிழிந்த துண்டு மாதிரி அவள் முதுகும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போயிற்று.

வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. ‘இவள் சண்டைக்குப் போகிறாளா, குளிக்கப் போகிறாளா?’ என்று ஒரு பெண் எழுதிக் கேட்டாள். கல்லூரிப் பெண்கள் சிலர் ஒரு உறைக்குள் ஊசியும் நூலும் வைத்து, ‘மீதியையும் தைத்துவிடவும்’ என்று அனுப்பியிருந்தார்கள். இளைஞர் கூட்டம் ஒன்று எதிர்க்கட்சி. இடிமகளுக்குத் துணி கூடினால் தாங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதாக மிரட்டியது. ஓவியரின் மகளோ, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டால், ‘மேப் வரைகிறார்’ என்று சொல்லி வைத்திருந்தாள்.

அது தெரிந்த அன்று ஓவியருக்கு நெஞ்சு வலித்தது. மறுநாளே முதலாளியிடம் போய், இடிமகளுக்கு ஒரு முழுக்கால்சட்டை போட்டால் என்ன என்று கேட்டார்.

“தாராளமாப் போடு,” என்றார் முதலாளி. “இருநூறார் போயிட்டார்னா உனக்குச் சம்பளம் யார் போடுவா, அதையும் சொல்லிட்டுப் போடு.”

இருநூறார் என்பது முதலாளி வைத்த பெயர். மாதாமாதம் இருநூறு பிரதியை மொத்தமாக வாங்கும் புண்ணியவான் யாரோ. முகம் தெரியாது, குரல் தெரியாது. பணம் வரும், கூடவே செல்போனில் ஒரு செய்தி வரும். ‘இந்த மாத இடுப்பு பிரமாதம். முதுகு அதைவிடப் பிரமாதம். தயவுசெய்து எதையும் மாற்றிவிடாதீர்கள்.’ ஒரு தடவை ஓவியர் கை அசந்து இடிமகளின் பாதத்தை ஒழுங்காக வரைந்துவிட்டார். ‘போன இதழில் இருந்த அந்தக் கணுக்கால் எங்கே? ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று வந்து விழுந்தது. அந்த இருநூறும் நின்றால் இதழை மூட வேண்டியதுதான் என்கிற நிலை. தடித்த மீசை, விரலுக்கு ஒரு மோதிரம், பெருமூச்சு விட்டபடி அட்டையைத் தடவும் கை என்று ஓவியர் மனதுக்குள் இருநூறாரை வரைந்து வைத்திருந்தார். அவருக்காகத்தான் தினமும் பேனாவைத் தொடுகிறோம் என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது.

அந்த இருநூறார்தான் சனிக்கிழமை நேரில் வருகிறார். முன்வரிசையில் நடு நாற்காலி அவருக்கு.

“அதெல்லாம் சரி சார்,” என்றார் தையல்காரம்மா. “இந்தத் துணி எதுல நிக்குது? தோள்ல பட்டை இல்ல, முதுகுல நாடா இல்ல.”

“அது மின்சக்தியில நிக்குதும்மா.”

“அப்ப அந்தச் சக்தியில ஒரு ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வாங்க, தைச்சுத் தரேன்.”

கடைசியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் வந்து முடிந்தது சமாதானம். இடுப்பைச் சாதாரண மனுஷி அளவுக்குத் தையல்காரம்மா தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டார். உடை முழுவதையும் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் மடித்து வைத்துக் கொடுத்தார். டப்பாவில் இடம் மீதி இருந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒத்திகை. இடிமகளாக நிற்க ஒரு கராத்தே டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே அடியில் ஓடுகளை அடுக்காக உடைப்பவர். உடையைப் போட்டுக்கொண்டு மறைப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார், ஒரு குத்து விட்டார். பர்ரென்று டேப் பிரிந்தது. வந்த வேகத்திலேயே மறைப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

“சார், கையைத் தூக்கினா மேல பிரியுது, இறக்கினா கீழ பிரியுது,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “இவ எப்படி யாரை அடிக்கறா?”

ஓவியர் இன்னும் நான்கு சுற்று டேப் கொடுத்தார். இப்போது உடை அசையவில்லை. டீச்சரும் அசையவில்லை. மூச்சை மட்டும் தவணை முறையில் விட்டுக்கொண்டார். அடுத்தது சாண் உயரக் குதிகால் செருப்பு.

“இதைப் போட்டுக்கிட்டுக் கூரை மேல ஓடுவாளா?”

“ஓட மாட்டா டீச்சர், பறப்பா.”

“இறங்கும்போது?”

ஓவியர் யோசித்தார். இறங்கும்போது அவளை அவர் வரைந்ததே இல்லை. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து விளக்கடியில் வந்து நின்றார்.

“இப்ப அட்டையில இருக்கற மாதிரி நில்லுங்க,” என்றார் முதலாளி. “நெஞ்சு என்னைப் பார்க்கணும். இடுப்பு சுவரைப் பார்க்கணும். முகம் மறுபடி என்னைப் பார்க்கணும்.”

டீச்சர் உடம்பை ரப்பராக வளைக்கக்கூடியவர். முயன்றார். முக்கால்வாசி வந்துவிட்டார். “இன்னும் கொஞ்சம்,” என்றார் முதலாளி. முதுகுக்குள் ‘மளுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

“எனக்குக் கோவம் இல்ல சார்,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “ஆனா உங்க மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை கேக்கணும். திரும்பத்தான் முடியல.”

டாக்சியில் குறுக்குவாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று வாரம் படுக்கை என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போதாதென்று, அந்தப் பூதத்துக்கும் முதுகு பிடித்துக்கொண்ட கதையாயிற்று.

“உடையை மாத்திடலாம் சார்,” என்று ஓவியர் கெஞ்சினார். “கொஞ்சம் மூடி, வேற யாரையாவது சாதாரணமா நிறுத்தலாம்.”

“இருநூறார் முன்னால சாதாரணமா? நாளைக்கு மேடையில இடிமகள் இல்லைன்னா, திங்கக்கிழமை உனக்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை.”

ஓவியர் தெரிந்தவர்களை எல்லாம் கேட்டார். அட்டையைப் பார்த்ததும் ஒருத்தரும் மேற்கொண்டு பேசவில்லை. வீட்டுக்கு வந்து, சோபாவில் விழுந்து, மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“அந்த எண்ணமே வேணாம்,” என்றார். “இத்தனை வருஷமா அவளை அப்படி நிக்க வெச்சீங்க இல்ல? ஒரு நாள் நீங்க நின்னு பாருங்க. முகமூடிதான் இருக்கே, யாருக்குத் தெரியப்போகுது?”

வேடிக்கையாகச் சொன்ன பேச்சுதான். ஆனால் மூழ்குகிறவனுக்கு எல்லாமே கட்டைதானே. காலையில் ஓவியர் டப்பாவோடு தையல்காரம்மா கடை வாசலில் நின்றார்.

“கொஞ்சம் பிரிச்சு விடணும்மா. எனக்கு.”

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “பிரிச்சு விடறதுக்குத் துணின்னு ஒண்ணு இருக்கணுமே சார்.” ஆனாலும் தோல் நிறத்தில் ஒரு முழு உடையைத் தேடி எடுத்து உள்ளே போட்டுவிட்டு, அதன் மேல் இடிமகளை ஒட்டிக் கொடுத்தார். தொந்தியின் நடுவில் மின்னல் சின்னம் நீளவாக்கில் வராமல் அகலவாக்கில் படுத்துக்கொண்டது.

விழா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. ஓவியர் ஓரத்தில் நின்றார். குளிர்சாதனக் காற்று நேராக முதுகில் அடித்தது. பை இல்லாததால் மூக்குக்கண்ணாடி, செல்போன், வீட்டுச் சாவி எல்லாம் மனைவி கையில். உட்கார்ந்தால் பிரியும், குனிந்தால் பிரியும். பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு இளைஞன் வந்து, கேட்காமலே அவர் இடுப்பில் கையைப் போட்டுக்கொண்டு செல்போனை நீட்டினான்.

ஓவியர் கையைத் தட்டிவிட்டார். “கேட்டுட்டுத் தொட மாட்டியா?”

ஆண் குரல் கேட்டு அவன் துள்ளி விலகினான். “சாரி அங்கிள். இடிமகளாச்சே, ஒண்ணும் சொல்ல மாட்டாள்னு நினைச்சேன்.”

“யார் சொன்னா அப்படின்னு?”

“அட்டையைப் பார்த்தா அப்படித்தானே தெரியுது,” என்றான் அவன். கிண்டலே இல்லை, நிஜமாகவே சொன்னான்.

ஓவியருக்கு வெட்கமாக இருந்தது. உடைக்காக அல்ல. அவளை ஒருநாளாவது நேர்கொண்டு பார்க்கிற மாதிரி நான் வரைந்தேனா என்று நினைத்தார்.

அதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். குதிகால் செருப்பில் தள்ளாடிக்கொண்டே மேடையேறி விளக்கடியில் நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து முதலாளி கிசுகிசுத்தார். “இருநூறார் வந்துட்டாராம்யா. அந்த நிலையில நில்லு. ம், திரும்பு.”

திரும்பினார். நெஞ்சு கூட்டத்தை, இடுப்பு சுவரை, முகம் மறுபடி கூட்டத்தை. பாதி வழியில் அதே ‘மளுக்’.

மண்டபம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. “அம்மா, அவங்களுக்கு வலிக்குது,” என்று எங்கோ ஒரு குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

யாரோ படியேறி வந்தார்கள். கண்ணாடி இல்லாத ஓவியருக்கு நரைத்த கிராப்புத் தலை ஒன்றும், தட்டையான செருப்பும்தான் மங்கலாகத் தெரிந்தன. ஒரு அம்மாள். முதுகில் இரண்டு விரலை வைத்தார், எதையோ தேடினார்.

“மூச்சை முழுசா விடுங்க.”

விட்டார். ஒரே அழுத்து. உயிர் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஓவியர் நிமிர்ந்து நின்றார். அந்த நிமிர்வு அத்தனை சுகமாக இருந்ததில் அவருக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, முகமூடியைக் கழற்றினார், மைக்கை எடுத்தார்.

“நான்தாங்க இவளை வரையறவன்,” என்றார். “அரை மணி நேரம் இவளா இருந்து பார்த்தேன், முடியல. அடுத்த மாசத்துலேருந்து இவ முதுகை நிமித்தப் போறேன். கால்சட்டை போடுவா, அதுல பை இருக்கும். ஓடற மாதிரி ஷூ போடுவா. இடுப்பு மனுஷ இடுப்பா இருக்கும். பிடிக்காதவங்க மன்னிச்சுக்குங்க. எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.”

பின்வரிசையில் இளைஞர் கூட்டம் ஊளையிட்டது. இடதுபக்கம் கல்லூரிப் பெண்கள் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தார்கள், அந்தச் சத்தம் பரவிப் பரவி ஊளையை மூடியது. இடுப்பில் கை போட்டவன்கூட, இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகத் தட்டினான். ஓவியருக்குக் கண் கலங்கியது.

திரைக்குப் பின்னாலிருந்து முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். “படுபாவி, கெடுத்தியே. முன்வரிசையில நடு நாற்காலியைப் பாரு, காலியாக் கிடக்கு. இருநூறார் எழுந்து போயிட்டார்யா.”

“அந்த நாற்காலி என்னோடதுங்க,” என்றார் முதுகைப் பிடித்துவிட்ட அம்மாள். “இந்தப் பொண்ணுக்கு எங்கெங்க எலும்பு விலகியிருக்குன்னு உங்க அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கறதுதான் எங்க மருத்துவக் கல்லூரியில மாசாமாசம் பரீட்சை, இனிமே முன்னூறா அனுப்புங்க, குணமான பிறகு அவ எப்படி இருப்பான்னும் பசங்க பார்க்கணும்.”