நத்தை உறுதியாக இறந்துவிட்டது

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

யாருடைய மனம் புண்பட்டாலும் சரி, நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் மூக்கைத் தவிர. ஏரித் தண்ணீரில் நின்றதில் சளி பிடித்து, எந்த வாசனையும் தெரியவில்லை. உங்கள் ஏரிப் பாதுகாப்பு அலுவலகம் நலமா?

நம் ஏரிக்கு அழையாத விருந்தாளியாக வந்து, இருக்கும் செடிகளையெல்லாம் மேய்ந்து தீர்க்கும் அந்தப் பெரிய நத்தைகளில் ஒன்றைப் பிடித்து, முறைப்படி பதப்படுத்தி அனுப்பினால், விடுமுறையில் கணக்கெடுப்புப் படகில் எனக்கு ஓர் இடம் என்று வாக்களித்தீர்கள். "உயிரோட வேற எங்கயும் பரவிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றீர்கள். என் அம்மாவுடன் ஒரே வீட்டில் வளர்ந்த நீங்களே 'அவ்வளவுதான்' என்றது வியப்பாக இருக்கிறது.

கையுறை போட்டுப் பிடித்து, படம் எடுத்து, இரட்டைப் பையில் இறுகக் கட்டி, காலணிச் சேற்றைக் கரையிலேயே கழுவிவிட்டு வந்து, பையை ஃப்ரீசரில் வைத்தேன். "ஃப்ரிட்ஜுல பிணம் வைக்கிற வீடு இது ஒண்ணுதான்டி" என்றார் அம்மா. "இன்னும் பிணம் ஆகலைம்மா" என்று விளக்கினேன். அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. மீன் தொட்டி வைத்திருப்பதால் சகல உயிர்களுக்கும் வக்கீலான அப்பா, "பாவம் குளிருமே, ஒரு துணியாவது சுத்துனியா?" என்று கேட்டார். இப்படிப்பட்ட அறிவியல் சூழலில் இரண்டு நாள் பொறுத்துப் பையைப் பிரித்தேன். நத்தை தன் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பதப்படுத்த நீங்கள் கொடுத்தனுப்பிய ஸ்பிரிட்டை ஜாடியில் ஊற்றி, அதை மூழ்க வைத்து, பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டை உள்ளே போட்டேன். பென்சிலில்தான் எழுதினேன், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இந்த அரிய தகவலை வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

ஆகவே, நத்தை உறுதியாக இறந்துவிட்டது. படகில் முன்பக்க இடம் போதும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் படகு கவிழாதிருக்க வேண்டும்,
அன்பு மருமகள்

பி.கு.: ஜாடி மூடியை இறுக்கப் போனேன். உள்ளே சீட்டு மட்டும் இருக்கிறது. எழுத்து அழியவே இல்லை. அம்மாவை விசாரித்தேன். "அந்தப் பை இடத்தை அடைச்சுது, கீழ காய்கறித் தட்டுல வெச்சிருந்தேன். நீ பாக்கறதுக்குள்ள மறுபடி மேல வெச்சிட்டேன்ல." ஸ்பிரிட்? "அதுல கண்ணாடியெல்லாம் தொடைச்சேன். குறைஞ்சா நீ கத்துவியேன்னு தண்ணி ஊத்தி ரொப்பிட்டேன்." கண்ணாடிகள் பளபளவென்றுதான் இருக்கின்றன. ஈரத் தடம் ஒன்று மேசைக் கால் வழியாக இறங்கி, அப்பாவின் மீன் தொட்டிப் பக்கம் போகிறது. மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டே இதை எழுதுகிறேன். "ஆளில்லாத ரூம்ல எதுக்கு லைட்டு?" என்றபடி அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.